அம்மம்மாவை யார் தூக்குவது?

(2025 டிசம்பரில் நார்த்மீட்டில், ஒரு தோழர் வீட்டின் பின்வளவில் நடந்த எங்கள் ஆண்டிறுதிச் சந்திப்பில் பேசியது. சில இடங்களில் பேச்சுமொழியை அப்படியே விட்டிருக்கிறேன்.)



நாங்கள் கூடியிருக்கும் இந்த மண் டாருக் மக்களுடையது. அவர்கள் இதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்த நாட்டில் அரசின் வயோதிபர் பராமரிப்பு 65 வயதில் தொடங்குகிறது. பூர்வகுடி மக்களுக்கும் டொரஸ் நீரிணைத் தீவு மக்களுக்கும் 50 வயதில். முதலில் கேட்கும்போது சலுகை மாதிரி இருக்கும். யோசித்துப் பார்த்தால், ஒரு மக்களுக்குச் செய்த அநியாயம் அவர்களின் உடம்பை எவ்வளவு வேளைக்கே முதுமையாக்குகிறது என்று அரசே ஒப்புக்கொள்கிற இடம் அது. உடம்பு வரலாற்றையும் சுமக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கோ.

நான் இன்று என் அம்மம்மாவைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். அவருக்கு 79 வயது. இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி எங்களோடு இருக்கிறார். உங்களில் பலர் அவர் கையால் ரோல்ஸ் சாப்பிட்டிருக்கிறீர்கள். கதைக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "எல்லாத்தையும் சொல்லு. என்ர நிறையை மட்டும் சொல்லாதை" என்றார். ஆகவே அந்த எண் இந்தப் பேச்சில் வராது. அது இல்லாமலேயே எல்லாம் உங்களுக்கு விளங்கும்.

இந்த வருஷம் தைப்பொங்கல் முடிந்த அடுத்த கிழமை. அம்மா வேலைக்குப் போய்விட்டார். நான் அறையில் படித்துக்கொண்டிருந்தேன். பாத்ரூமில் ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அம்மம்மா கதவுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறார். கதவு பாதிதான் திறந்தது. உள்ளே நுழைந்து தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. அம்மாவுக்கு அடித்தேன். அம்மா வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். அம்மாவின் முதுகில் 'சுளுக்' என்றது. அதற்குப் பிறகுதான் 000 அடித்தோம். இரண்டு பரமெடிக் வந்தார்கள், பார்த்தார்கள், இன்னும் இரண்டு பேரையும் காற்றடைத்துத் தூக்கும் மெத்தை ஒன்றையும் வரவழைத்தார்கள். அம்மம்மா ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் தரையில் கிடந்தார். எலும்பு முறியவில்லை. அவ்வளவு நேரமும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "ஜன்னலைச் சாத்து பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் பாக்கப் போயினம்."

அடுத்த நாளிலிருந்து சொந்தக்காரர் வரத் தொடங்கினார்கள். பழங்களோடு ஒரு வசனமும் வந்தது. "அவவை வாயைக் கட்டச் சொல்லுங்கோ." அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். பல வருஷமாக அதே வசனத்தைக் கொஞ்சம் படித்த பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். ஃபிரிட்ஜில் அட்டவணை ஒட்டினேன், சோற்றை அளந்து போட்டேன். விழுந்த பிறகு இன்னும் இறுக்கினேன். ஆறு கிழமையில் அவர் முகம் வற்றியது. எனக்குச் சந்தோஷம். ஆனால் முதல் தானாகக் கதிரையிலிருந்து எழும்பினவர், பிறகு கை கொடுத்தால்தான் எழும்பினார்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் சொன்னது இது: "நீங்கள் குறைத்தது கொழுப்பை மட்டும் இல்லை. தசையையும் குறைத்திருக்கிறீர்கள்."

இதை நான் படித்திருக்க வேண்டும். வயது போகப் போக எல்லாருக்கும் தசை கரையும். கொழுப்புக் கூடவும் தசை குறையவும் இரண்டும் ஒரே உடம்பில் நடக்கலாம். அப்படிப்பட்டவர் வெறுமனே சாப்பாட்டைக் குறைத்தால், எழும்பி நிற்கத் தேவையான தசையும் சேர்ந்து போய்விடும். 2011இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், உடற்பருமன் உள்ள, 65 வயதும் அதற்கு மேலுமான 107 பேரை ஒரு வருஷம் தொடர்ந்தார்கள். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடு உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு நடக்கும், எழும்பும் திறன் மிகவும் கூடியது. சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்கள் தசையையும் எலும்பின் அடர்த்தியையும் அவர்களைவிடக் கூடுதலாக இழந்தார்கள்.

பிஎம்ஐ என்ற அளவையும் கொஞ்சம் பார்ப்பம். அந்தக் கணக்கு 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் அடோல்ஃப் கெட்லே போட்டது. 'சராசரி மனிதன்' யார் என்று தேடியவர் அவர். ஒரு கிழவிக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. 2014இல் டீக்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 65 வயதும் அதற்கு மேலுமான ஏறத்தாழ 2 லட்சம் பேரைப் பற்றிய 32 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 'அதிக நிறை' என்ற வரம்பில் இருந்த முதியவர்களுக்கு இறப்பு அபாயம் கூடவில்லை. 23க்குக் கீழே இருந்த மெலிந்தவர்களுக்குக் கூடியது.

இதைக் கேட்டுவிட்டு "அப்ப நிறை ஒரு பிரச்சினையே இல்லை" என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கட ஆட்களுக்கு வயிற்றில் கொழுப்புச் சேருவது கூட, குறைந்த நிறையிலேயே சலரோகம் வருகிறது. அதனால்தான் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற கீழ்மட்ட எல்லைகளைப் பரிந்துரைத்தது. இங்கே பக்கத்தில், பிளாக்டவுன் வைத்தியசாலை அவசரப் பிரிவில் வந்தவர்களுக்கு இரத்தச் சீனி பார்த்தபோது, சலரோகம் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருப்பதே தெரியாது. ஆகவே முழங்கால், சீனி, இதயம் எல்லாம் உண்மை. ஆனால் 79 வயதில், முழங்கால் தேய்ந்து நிற்க முடியாத ஒருவரிடம் "மெலி" என்பது ஒரு பராமரிப்புத் திட்டமே இல்லை. இருபது வருஷத்துக்கு முதல் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குச் சொல்லிவிட்டு எங்கட கடமை முடிந்தது என்று போவதுதான் அது. இன்று பின்னேரம் அவரைக் குளிக்க வார்க்க வேண்டும். அதை யார் செய்வது? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

மே மாதம் மதிப்பீட்டுக்கு வந்தார்கள். உதவித் தொகுப்புக்கு வரிசையில் போட்டார்கள். அந்த வரிசையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கோ: 2025 மார்ச் முடிவில் வீட்டுப் பராமரிப்புத் தொகுப்புக்காகக் காத்திருந்தவர்கள் 87,000க்கு மேல். மதிப்பீட்டுக்கே காத்திருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். செனட்டில் நெருக்கிய பிறகுதான் செப்டெம்பரில் அரசு 20,000 தொகுப்புகளை முன்கூட்டியே விடச் சம்மதித்தது. எங்களுக்கு நவம்பரில் கிடைத்தது. அதுவரை கிழமைக்கு இரண்டு நாள், ஒரு மணித்தியாலம், ஒரே ஒரு பணியாளர்.

வந்தவர் நேபாளத்திலிருந்து வந்த ஒரு மாணவி. என்னைவிட இளையவர். முதல் நாளே அம்மம்மாவைப் பார்த்துவிட்டு, "நான் தனியாகத் தூக்க மாட்டேன், இது இரண்டு பேர் செய்யும் வேலை" என்றார். எங்களுக்குக் கோபம் வந்தது. அம்மா அவருடைய நிறுவனத்துக்கு ஃபோன் பண்ணி முறையிட்டார். 'இரண்டாவது ஆளுக்கு நிதி இல்லை, வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒருவர் உதவலாம்' என்று பதில் வந்தது. வீட்டிலிருந்து ஒருவர் என்றால் யார்? முதுகில் டிஸ்க் விலகிய அம்மா.

அந்த மாணவி சொன்னதுதான் சரி. அதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் நாள் எடுத்தது. 1998இல் விக்டோரியாவில் தாதிகளின் தொழிற்சங்கம் 'கையால் தூக்க மாட்டோம்' என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. அதற்கு முதல் எத்தனையோ தாதிகள் நோயாளிகளைத் தூக்கித் தூக்கியே முதுகை முறித்துக்கொண்டு வேலையை விட்டார்கள். ஹொயிஸ்ட் இருக்க வேண்டும், சறுக்கு விரிப்பு இருக்க வேண்டும், ஆட்கள் போதுமாக இருக்க வேண்டும் என்று கேட்டு வென்றார்கள். வைத்தியசாலையில் அந்த உரிமைக்குச் சாட்சிக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு தனி வீட்டின் பாத்ரூமில் அந்த மாணவிக்கு யாரும் இல்லை. அவர் விசாவுக்கும் பயப்பட வேண்டும், ஷிஃப்ட் வெட்டப்படும் என்றும் பயப்பட வேண்டும். சர்வதேச மாணவர்கள் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற வரம்பு 2023 ஜூலையில் திரும்ப வந்தபோது, வயோதிபர் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு மட்டும் அந்த வருஷ முடிவுவரை விலக்குக் கொடுத்தார்கள். அவர்களின் முதுகு இந்த நாட்டுக்கு எவ்வளவு தேவை என்று அரசுக்கு நன்றாகத் தெரியும்.

இனிச் சட்டம். 2018இல் வயோதிபர் பராமரிப்புப் பற்றிய ரோயல் கொமிஷன் அமைக்கப்பட்டது. 2019இல் வந்த அதன் இடைக்கால அறிக்கைக்குத் தலைப்பே 'புறக்கணிப்பு'. 2021 மார்ச்சில் 148 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை வந்தது. அதன் விளைவாகப் புதிய வயோதிபர் பராமரிப்புச் சட்டம் இந்த நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதில் உரிமைப் பட்டியல் ஒன்று இருக்கிறது: மரியாதையோடு நடத்தப்படும் உரிமை, விரும்பிய மொழியில், தேவையானால் மொழிபெயர்ப்பாளரோடு கதைக்கும் உரிமை. நல்லது.

ஆனால் அதே நாள் ஒரு புதிய கட்டண முறையும் வந்தது. தாதி செய்யும் மருத்துவப் பராமரிப்புக்குக் கட்டணம் இல்லை. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது எல்லாம் 'சுயாதீனம்' என்ற வேறு பெட்டிக்குள். அதற்கு முழு ஓய்வூதியம் எடுப்பவரே 5 சதவீதம் கட்ட வேண்டும். வீடு கூட்டுவது, தோட்ட வேலை போன்றவைக்கு 17.5 சதவீதம். பகுதி ஓய்வூதியக்காரரும் ஓய்வூதியம் இல்லாதவரும் இன்னும் கூடக் கட்ட வேண்டும்.

5 சதவீதம் சின்னக் காசுதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போடுவம். மணித்தியாலத்துக்கு 100 டொலர் என்று வையுங்கோ. கிழமைக்கு மூன்று குளிப்பு. ஒரு பணியாளர் போதும் என்றால் வருஷத்துக்குத் தொகுப்பிலிருந்து 15,600 டொலர், கையிலிருந்து 780. இரண்டு பணியாளர் தேவை என்றால் 31,200, கையிலிருந்து 1,560. தொகுப்பின் அளவு கூடாது. ஆகவே பாரமான உடம்புக்கு ஒவ்வொரு குளிப்பும் இரட்டை விலை. குளிப்பு மூன்றிலிருந்து இரண்டாகும், இரண்டிலிருந்து ஒன்றாகும். முதியோர் இல்லத்திலும் இதே கதைதான். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு என்பது சட்டம், அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற தாதியுடையது. இரண்டு பேர் சேர்ந்து அரை மணித்தியாலம் குளிப்பாட்டினால் 60 நிமிடம் போய்விடும்.

குளிப்புக் குறைந்தால் என்ன நடக்கும்? எங்கட வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இதையும் சொல்லலாம் என்று அம்மம்மா சொன்னார். சதை மடிப்புகளுக்குள் ஈரம் நிற்கும். வேர்க்குரு மாதிரித் தொடங்கும், பிறகு புண். சலரோகக்காரருக்கு அது ஆறாது. வெட்கத்தில் மூன்று கிழமை ஒளித்து வைத்திருந்தார். மணம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு வைத்தியசாலை, அன்டிபயோடிக், கட்டுப் போட வீட்டுக்குத் தாதி.

இப்ப பாருங்கோ. அந்தப் புண்ணுக்குத் தாதி மருந்து கட்டினால் அது மருத்துவம், கட்டணம் இல்லை. அந்தப் புண் வராமல் கழுவித் துடைத்து விட்டால் அது மருத்துவம் இல்லை, காசு கட்டு. ஒரே தோல், ஒரே மடிப்பு. புண்ணாகும் வரைக்கும் அது அவருடைய சொந்தப் பிரச்சினை. மருந்து கட்டுவதை மதிக்கிறார்கள். கழுவுவதைப் பெண்கள் எப்போதும் சும்மா செய்யும் வேலை என்று நினைக்கிறார்கள். இந்தச் சட்டத்தில் எனக்கு இருக்கும் முதல் கோபம் இதுதான். குளிப்பாட்டுவதை மருத்துவப் பராமரிப்பாக எழுது, இரண்டாவது ஆளின் செலவைத் தனியாகக் கொடு. எங்கட கோரிக்கை இவ்வளவு நேராக இருக்கலாம்.

அம்மம்மாவின் உடம்பு எப்படி இப்படி ஆனது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 90களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் மூன்று பிள்ளைகளுக்குப் பங்கிட்டுச் சாப்பாடு போட்டவர் அவர். 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஒரு பையோடு நடந்தவர். சட்டியில் மிச்சம் விடுவது அவருக்கு இன்றைக்கும் பாவம். 2005இல் பங்களிப்புப் பெற்றோர் விசாவில் வந்தார். அந்த விசாவுக்கு இன்றைய கட்டணம் ஒருவருக்கு 40,000 டொலருக்கு மேல். வந்தவர்களுக்குப் பத்து வருஷத்துக்குப் பிள்ளைகள் உத்தரவாதம் நிற்க வேண்டும். அந்தப் பத்து வருஷமும் அவர் என்ன செய்தார்? அம்மாவும் அப்பாவும் ஷிஃப்ட் மாறி மாறி வேலைக்குப் போக, என்னையும் தங்கச்சியையும் தூக்கி வளர்த்தார். கார் ஓடத் தெரியாது. வின்ட்சர் ரோட்டைக் கடந்து நடக்கப் பயம். வீட்டுக்குள்ளேயே நின்று சமைத்தார், நாங்கள் விட்ட மிச்சத்தைச் சாப்பிட்டார். இந்த நாட்டின் கணக்கில் அது வேலையாக எங்கேயும் பதியப்படவில்லை. அவர் முழங்காலில் பதிந்திருக்கிறது.

கடைசியாக எங்களைப் பற்றி. நாங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் 'பராமரிப்பு அரசியல்' என்று கதைக்கிறோம். 2009இல் வன்னிக்காக சிட்னித் தெருக்களில் நாள் முழுக்க நின்றவர் அம்மம்மா. இந்த வருஷம் மாவீரர் நாளுக்கு வரவில்லை. முழங்கால் நோ என்று சொன்னார். பிறகு இரவு என்னிடம் மட்டும் காரணம் சொன்னார்: "அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை உடைஞ்சால்?" மண்டபத்தில் நானூறு கதிரை இருந்திருக்கும். கைப்பிடி இல்லாத, பாரம் தாங்கும் ஒரு கதிரை இல்லை. எத்தனை வருஷமாக இந்தக் கதிரைகளை நான் அடுக்கியிருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஆகவே செய்யக்கூடிய சில விஷயங்கள்.

விழுந்தவரைத் தனியாகத் தூக்காதீர்கள். தலையில் அடி, நோ, எழும்ப முடியாத நிலை என்றால் போர்வையால் மூடி, கதைத்துக்கொண்டே 000 அடியுங்கோ. அம்மாவின் முதுகு எங்களுக்குக் கற்பித்த பாடம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே மை ஏஜ்ட் கெயாருக்கு, 1800 200 422, அடியுங்கோ. தேவை வரும்வரை பொறுத்தால் வரிசையில் பின்னுக்கு நிற்பீர்கள். தமிழில் கதைக்க வேண்டுமென்றால் 131 450இல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், இலவசம். பேரப்பிள்ளை மொழிபெயர்த்தால் அம்மம்மா புண்ணைப் பற்றிச் சொல்ல மாட்டார். என்னை நம்புங்கோ.

மதிப்பீட்டுக்கு ஆள் வரும் நாளில் எங்கட ஆட்கள் சேலை உடுத்தி, தேத்தண்ணி போட்டு, "எல்லாம் நானே செய்வன்" என்பார்கள். பக்கத்தில் இருந்து உண்மையைச் சொல்லுங்கோ. 'தூக்க, குளிப்பாட்ட இரண்டு பேர் தேவை' என்ற வசனம் எழுத்தில் வர வேண்டும். ஒக்யுபேஷனல் தெரபிஸ்ட்டைக் கேளுங்கோ. ஹொயிஸ்ட், கட்டில், ஷவர் கதிரை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை எல்லையும் அகலமும் இருக்கிறது. பொருந்தாதது கிடைத்தால் ஆபத்து. பழைய முறையில் இவை எல்லாம் தொகுப்புப் பணத்தைத் தின்றன. புதிய முறையில் சாதனங்களுக்குத் தனி நிதி உண்டு, உயர்ந்த படியில் 15,000 டொலர் வரை. மறுத்தால் ஓபன் என்ற முதியோர் பரிந்துரை அமைப்புக்கு, 1800 700 600, அடிக்கலாம். அதுவும் இலவசம்.

வீட்டுக்கு வரும் பணியாளர் "தனியாகத் தூக்க மாட்டேன்" என்றால் அவர் பக்கம் நில்லுங்கோ. அவருடைய நிறுவனத்துக்கு நீங்களும் எழுதுங்கோ. அம்மா இரண்டாவது தடவை எழுதிய கடிதத்தில், முதல் முறையிட்டதற்கு மன்னிப்புக் கேட்டு, அந்த மாணவி சொன்னதையே தன் கோரிக்கையாக எழுதினார். உங்களில் இந்த வேலை செய்பவர்கள் தொழிற்சங்கத்தில் சேருங்கோ. 2023 ஜூனில் வந்த 15 சதவீதச் சம்பள உயர்வு சும்மா வரவில்லை. சங்கங்கள் வழக்காடி வென்றது.

நவம்பரிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் இரண்டு பேர் வருகிறார்கள். பழைய மாணவியும் இன்னொரு பிலிப்பீனியப் பெண்ணும். ஹொயிஸ்ட் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் அட்டவணையைக் கிழித்துவிட்டேன். இப்போது பிசியோ சொன்னபடி, கதிரையில் இருந்து எழும்பி இருக்கும் பயிற்சி, காலையில் பத்து, பின்னேரம் பத்து. முட்டையும் பருப்பும் கூட. நிறை குறைந்ததா என்று கேட்காதீர்கள், நான் சொல்ல மாட்டேன். போன கிழமை கை கொடுக்காமல் இரண்டு தடவை எழும்பினார்.

தொகுப்புப் பணம் இப்படியே போனால் ஜூன் வரை தாங்காது. அதற்குப் பிறகு என்ன என்பதுதான் நாங்கள் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முதல், அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைத்து வருகிறேன். கதிரையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கோ.